மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும்: அயர்லாந்தின் பழைய எஸ்டேட்டுகள்

அயர்லாந்துக்கு வருகிறோம், எங்கெல்லாம் போகலாம் என்று நண்பர்கள் கேட்கும்போது பெரும்பாலும் அவர்கள் கையில் ஒரு பட்டியல் தயாராகவே இருக்கும். மோஹர் கடற்பாறைகள், பிளார்னி கோட்டையில் தலைகீழாகத் தொங்கி முத்தமிடும் கல், கில்லார்னி, டப்ளினில் கின்னஸ் ஆலை. எல்லாம் பார்க்க வேண்டியவைதான், வேண்டாம் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் டப்ளினில் குடியிருந்துகொண்டு வார இறுதி ஆனால் காரை எடுத்துக்கொண்டு மனைவி, மகளோடு உள்நாட்டுப் பக்கம் போய்விடுகிற எனக்கு, இந்த நாடு புரிய ஆரம்பித்தது பழைய எஸ்டேட்டுகளில்தான். அதிலும் மாளிகைக்குள் நுழைவதற்கு முன்னால் வெளியே ஓடும் மதிலைக் கவனிக்க ஆரம்பித்த பிறகுதான்.

கிராமப்புறச் சாலைகளில் போகும்போது திடீரென்று ஒரு பக்கம் வேலிச்செடி முடிந்து கல் மதில் தொடங்கும். ஆளைவிட உயரம், பாசி படிந்த சாம்பல் நிறக் கல், பின்னால் பெரிய பெரிய பீச் மரங்கள். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைப்போம், வளைவுக்கு வளைவு கூடவே வந்துகொண்டிருக்கும். வீடு மட்டும் கண்ணில் படாது. அதுதான் எஸ்டேட் மதில். உள்ளே மாளிகை, ஏரி, மான்கள் உலவும் புல்வெளி, பழத்தோட்டம். வெளியே அதற்கெல்லாம் பணம் கட்டியவர்கள், அதாவது துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டுச் சாப்பிட்டு, விளைந்த மற்றதை விற்றுக் குத்தகைப் பணம் கட்டிய குடும்பங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சி நடத்திய பெரும் நிலப் பறிமுதல்களுக்குப் பிறகு நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி ஒரு சிறு கூட்டத்தின் கைக்குப் போனது. 1903இல் வந்த நிலச் சட்டத்துக்குப் பிறகுதான் குத்தகைக்காரர்கள் பெருமளவில் தங்கள் நிலத்தைச் சொந்தமாக வாங்க முடிந்தது. அதற்குள் கோபம் ஊறிப் போயிருந்தது. விடுதலைப் போரும் உள்நாட்டுப் போரும் நடந்த 1919 முதல் 1923 வரையிலான காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பெரிய மாளிகைகள் எரிக்கப்பட்டன. எனவே இன்று நாம் டிக்கெட் வாங்கி உள்ளே போகிற ஒவ்வொரு மாளிகையும் ஏதோ ஒரு வகையில் தப்பிப் பிழைத்தது. ஏன் தப்பியது, எப்படித் தப்பியது என்று அங்கிருக்கும் வழிகாட்டியிடம் கேளுங்கள், நல்ல கதைகள் வரும்.

டப்ளினுக்குப் புதிதாக வருகிறவர்களை நான் முதலில் அழைத்துப் போவது விக்லோ மாவட்டத்தில் இருக்கும் பவர்ஸ்கோர்ட். பக்கம், சாலை நன்றாக இருக்கும், குழந்தைகளுக்கும் பிடிக்கும். 1741 வாக்கில் ரிச்சர்ட் காசல்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டி முடித்த மாளிகை, 1974 நவம்பரில் ஒரே இரவில் எரிந்து கூடாகிவிட்டது. அந்தத் தீக்கு அரசியல் காரணம் எதுவும் இல்லை. கூரையைத் திரும்பப் போட இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. அதனால் உள்ளே பழைய அறைகளைத் தேடிப் போகாதீர்கள், கடைகளும் காபிக்கூடமும்தான் இருக்கும். வந்த காரியம் பின்பக்கத் தோட்டம். 47 ஏக்கர். மாளிகையின் பின்வாசலில் இறங்கினால் படிப்படியாகச் சரிந்து ஒரு வட்டக் குளத்தில் போய் முடிகிற புல்தளங்கள், குளத்துக்கு அப்பால் மரங்கள், மரங்களுக்கு மேலே கூம்பாக சுகர் லோஃப் மலை. மலையையும் தன் தோட்டத்தின் பகுதி மாதிரி காட்டிவிட்ட அந்தத் துணிச்சலை எத்தனை முறை பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது. இந்தத் தளங்களை வடிவமைத்த டேனியல் ராபர்ட்சன் கீல்வாதத்தால் நடக்க முடியாமல் தள்ளுவண்டியில் உட்கார்ந்து, கையில் ஷெரி ஒயின் பாட்டிலோடு வேலை வாங்கினார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. அவர் பெயர் நின்றுவிட்டது. மண்ணைக் கூடை கூடையாக அள்ளிச் சரிவை இப்படி மட்டப்படுத்திய ஆட்களின் பெயர் எந்தப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை.

பவர்ஸ்கோர்ட் அருவி அங்கிருந்து சுமார் 6 கிலோமீட்டர், தனிக் கட்டணம். 121 மீட்டர் உயரத்திலிருந்து பாறையோடு ஒட்டி வழிந்து வரும். கீழே செக்வோயா மரங்கள், புல்வெளி, சாப்பாட்டுக் கூடையோடு வந்த குடும்பங்கள். 1821இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் வந்தபோது அவருக்காக மேலே ஆற்றைத் தடுத்துத் தண்ணீரைத் தேக்கி வைத்தார்களாம், அவர் வந்து நின்றதும் திறந்துவிட. மன்னர் விருந்தில் நேரம் போனது தெரியாமல் இருந்துவிட்டு அருவிக்கு வரவே இல்லை. பிறகு திறந்துவிட்டபோது அவர் நின்று பார்ப்பதற்காகக் கட்டிய பாலத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்வார்கள்.

கில்லார்னியில் மக்ராஸ் மாளிகையிலும் இப்படி ஒரு ராணி வருகைக் கதை உண்டு. 1861இல் விக்டோரியா ராணி தங்கிப் போக, அந்த ஏற்பாடுகளுக்குக் குடும்பம் பணத்தை வாரி இறைத்தது, பின்னாளில் எஸ்டேட்டே கைமாறியது. 1932இல் அதை நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள், அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா அப்படித்தான் பிறந்தது. அங்கே போனால் மாளிகையோடு நின்றுவிடாமல் ஏரிக்கரையோடு நடந்து மக்ராஸ் மடாலயத்தின் இடிபாட்டுக்குள் போங்கள். முற்றத்தின் நடுவே ஒரு பழைய யூ மரம், அதன் கிளைகள் முற்றம் முழுவதையும் மூடியிருக்கும்.

சரி, கோட்டைகளுக்கு வருவோம். கோட்டை என்றதும் அகழியும் கொடியும் மனதில் வரும். அயர்லாந்துக் கிராமப்புறத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது கோபுர வீடுகள்தான். நான்கைந்து மாடி உயரம், சதுரமாக ஒரே தூண் மாதிரி, பாதி ஐவிக் கொடி மூடி, சுற்றிலும் மாடுகள் மேயும். ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். 1429இல் டப்ளினைச் சுற்றியிருந்த மாவட்டங்களில் 20 அடி நீளம், 16 அடி அகலம், 40 அடி உயரத்துக்குக் குறையாமல் ஒரு கோபுரம் கட்டுகிறவருக்கு 10 பவுண்டு மானியம் என்று ஆங்கில அரசு அறிவித்தது. இந்த அளவு தெரிந்த பிறகு வழியில் ஒரு கோபுரம் வந்தாலே மகள் காருக்குள்ளிருந்து உயரத்தைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறாள். இவற்றில் பெரும்பாலானவை தனியார் வயலுக்குள் இருக்கின்றன. அயர்லாந்தில் யாருடைய நிலத்திலும் நடந்து போகும் பொது உரிமை கிடையாது, எனவே சாலையில் நின்று பாருங்கள், அல்லது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், அதோடு அந்தக் கோட்டையின் கதையையும் சொல்லாமல் விடமாட்டார்கள். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றால் அரசு பராமரிக்கும் டிரிம் கோட்டை. ஆங்கில நார்மன்கள் இங்கே கட்டியதிலேயே பெரியது, நடுக் கோபுரத்துக்கு 20 பக்கங்கள்.

ஆஃபலி மாவட்டத்தில் இருக்கும் பிர் கோட்டையைப் பற்றி நம்மவர்கள் ஏன் அதிகம் பேசுவதில்லை என்று தெரியவில்லை. என்னைக் கேட்டால் அறிவியலில் ஆசையுள்ள பிள்ளைகள் இருக்கிற வீட்டார் மோஹரைக்கூட விட்டுவிட்டு இங்கே வரலாம். 1620 முதல் ஒரே குடும்பம், பார்சன்ஸ் குடும்பம். அதில் மூன்றாம் ராஸ் பிரபுவான வில்லியம் பார்சன்ஸ் 1840களில் தன் தோட்டத்துக்குள்ளேயே உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியைக் கட்டினார். கண்ணாடியின் விட்டம் 72 அங்குலம், செம்பும் தகரமும் கலந்து வார்த்தது, எடை ஏறக்குறைய 3 டன். பக்கத்துச் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த டர்ஃப் என்ற கரிமண்ணை எரித்துத்தான் உலையைச் சூடாக்கினார்கள். வேலை செய்தவர்கள் அந்த ஊர்க் கொல்லர்களும் தச்சர்களும். ராஸ் பிரபுவே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து ஆள் தயார் செய்திருக்கிறார்.

இன்றும் அது புல்வெளியின் நடுவே நிற்கிறது. கோட்டைச் சுவர் போல இரண்டு கனத்த மதில்கள், நடுவே கறுப்பு வண்ணம் பூசிய ஒரு பிரம்மாண்ட மரக் குழாய், சங்கிலிகளில் தொங்கும். அந்த மதில்களுக்கு நடுவில் மேலும் கீழும்தான் நன்றாக அசையும், பக்கவாட்டில் கொஞ்சம்தான். எனவே ஒரு நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பூமி சுழன்று அது இந்த இடைவெளிக்குள் வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்தபின் சிறிது நேரம்தான் கிடைக்கும். அதிலும் இது அயர்லாந்து, மேகம் எப்போது விலகும் என்று சொல்ல முடியாது. இவ்வளவு தடைகளோடு 1845இல் அவர் எம்51 என்ற மங்கலான ஒளித்திட்டைப் பார்த்து அது சுருள் வடிவில் இருப்பதைக் கண்டுபிடித்து வரைந்தார். ஒரு விண்மீன் மண்டலத்தின் சுருள் கைகளை முதன்முதலில் பார்த்த மனிதக் கண் இந்தப் புல்வெளியில்தான் நின்றிருந்தது. அதற்குப் பிறகு 1917இல் அமெரிக்காவில் 100 அங்குலத் தொலைநோக்கி வரும்வரை இதைவிடப் பெரியது உலகில் இல்லை. அவர் மனைவி மேரி ராஸ் புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவர், மகன் சார்ல்ஸ் பார்சன்ஸ் நீராவி டர்பைனைக் கண்டுபிடித்தவர். ஒரே வீட்டில் இவ்வளவும்.

அதே 1845இல்தான் உருளைக்கிழங்குக் கருகல் நோயும் வந்தது. தொலைநோக்கியை ஓரம் கட்டிவிட்டு ராஸ் பிரபு பஞ்ச நிவாரணத்தில் இறங்கினார், எஸ்டேட்டில் வேலைகளை உருவாக்கி மக்களுக்குக் கூலி கொடுத்தார்கள். எல்லா எஸ்டேட்டிலும் இப்படி நடக்கவில்லை.

அதைப் பார்க்க ராஸ்காமன் மாவட்டத்துக்குப் போக வேண்டும், ஸ்ட்ரோக்ஸ்டவுன். ஒரு சிறு ஊருக்குப் பொருந்தாத அளவுக்கு அகலமான தெரு, தெருவின் முடிவில் பெரிய வளைவு வாசல், உள்ளே மஹோன் குடும்பத்தின் வெள்ளை மாளிகை. வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம். வரவேற்பறை, நூலகம், குழந்தைகள் அறை எல்லாம் கடைசியாக இருந்தவர்கள் விட்டுப்போனபடியே, கொஞ்சம் மங்கிய திரைச்சீலைகளோடு இருக்கும், அதுவே எனக்குப் பிடித்தது. ஆனால் என்னை நிறுத்தியது சமையலறை. உயரமான கூடம், அடுப்புகள், நீளமான மேசை, சுவரில் வரிசையாகத் தட்டுகளும் செம்புப் பாத்திரங்களும். அண்ணாந்து பார்த்தால் மரக் கைப்பிடி போட்ட ஒரு மாடம் கூடத்தின் மேல் பக்கமாக ஓடுகிறது. வீட்டு எஜமானியம்மா திங்கட்கிழமைகளில் அதில் வந்து நின்று, அந்த வாரத்துக்கான சமையல் பட்டியலை மேலிருந்து கீழே போடுவாராம். சமையற்காரர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே இறங்க வேண்டியதில்லை, அடுப்புச் சூடு இல்லை, வேலையாட்களோடு பேச்சும் இல்லை. என் மனைவி மேசைப் பக்கம் நின்று வெகுநேரம் அந்த மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மேல இருந்து பாத்தா நம்ம தலை மட்டும்தான் தெரியும் இல்ல?” என்றாள். வேலையாட்கள் புல்வெளியைக் கடந்து போவது விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகச் சுரங்கப் பாதையே போட்டிருந்தார்கள் என்று வழிகாட்டி அடுத்துச் சொன்னார்.

பக்கத்திலேயே குதிரைலாயக் கட்டடங்களில் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம். எஸ்டேட்டை 1979இல் உள்ளூர்த் தொழில் நிறுவனம் ஒன்று வாங்கியபோது, உள்ளே பஞ்ச காலத்துக் காகிதங்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன: கணக்குகள், கடிதங்கள், குத்தகைக்காரர்கள் கொடுத்த மனுக்கள். 1846இல் க்ளூனஹீ என்ற இடத்து மக்கள் எழுதிய மனு ஒன்று, எங்கள் குடும்பங்கள் பசியில் இருக்கின்றன, வேலை கொடுங்கள் என்று முறையிடுகிறது. அடுத்த வருடமே எஸ்டேட் கணக்குப் போட்டுப் பார்த்தது, இங்கே வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பலேற்றி அனுப்புவது மலிவு என்று. 1847 மே மாதம் 1,490 பேரை ராயல் கால்வாயின் கரையோடு டப்ளினுக்கு நடத்தியே கூட்டிப் போனார்கள். 165 கிலோமீட்டர், குழந்தைகளும் முதியவர்களும் சேர்ந்து. அங்கிருந்து லிவர்பூல், பிறகு கனடாவின் கியூபெக். வழியிலும் போய்ச் சேர்ந்த பிறகும் காய்ச்சலில் இறந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அதே வருடம் நவம்பர் 2ஆம் தேதி நிலக்கிழார் மேஜர் டெனிஸ் மஹோன் ராஸ்காமனில் ஒரு கூட்டம் முடிந்து வண்டியில் திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

மொத்தத்தில் அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதைவிட அதிகம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். இந்த எண்ணைப் பல இடங்களில் படித்திருப்போம். படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். சமையலறையில் அந்த மாடத்தைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் காகிதங்களைப் படித்தபோது என்னால் அப்படி நகர முடியவில்லை. மாளிகை, அருங்காட்சியகம் இரண்டையும் ஒரே நாளில், இந்த வரிசையில் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

வடமேற்கே டனிகாலில் க்ளென்வே. அயர்லாந்தில் நான் பார்த்த இடங்களிலேயே அழகானது எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். நீண்டு ஒடுங்கிய ஏரி, இரண்டு பக்கமும் மரமில்லாத மலைகள், ஏரிக்கு நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் மேட்டில் கருங்கல் கோட்டை. வரவேற்பு மையத்திலிருந்து பேருந்து உண்டு, ஆனால் ஏரிக்கரையோடு நடந்து போவதுதான் முறை. இந்த அழகில் ஒரு வீட்டுக் கூரையும் தெரியவில்லையே என்று நடக்கும்போது தோன்றும். காரணம் இருக்கிறது. 1861 ஏப்ரலில் ஜான் ஜார்ஜ் அடேர் என்ற நிலக்கிழார், தன் எஸ்டேட் மேலாளர் கொலை செய்யப்பட்டதற்குப் பதிலடியாகப் பக்கத்து டெர்ரிவே பகுதியில் மூன்றே நாட்களில் 244 பேரை வீட்டை விட்டுத் துரத்தினார், பல வீடுகளை இடித்துத் தள்ளினார். சிலர் ஏழைகள் விடுதிக்குப் போனார்கள், பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். கோட்டை எழுந்தது அதற்குப் பிறகு, 1870 வாக்கில்.

கதை அதோடு முடியவில்லை. 1937இல் இந்தக் கோட்டையை வாங்கிய ஹென்றி மகில்ஹென்னி என்ற அமெரிக்கரின் தாத்தா, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மில்ஃபோர்டில் வளர்ந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். ஊரை விட்டுப் போனவரின் பேரன் வந்து கோட்டைக்குச் சொந்தக்காரராகி, அங்குள்ள தோட்டத்தை ஊரே பேசும்படி வளர்த்து, கடைசியில் நிலத்தை அரசுக்கு விற்று, கோட்டையையும் தோட்டத்தையும் அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டார். இன்று அது தேசியப் பூங்கா. 2001 முதல் பொன்னிறக் கழுகுகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கோடையில் போனால் கொசுவைவிடச் சின்னதாக மிட்ஜ் என்ற பூச்சி மொய்த்துவிடும், தலைக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இயற்கையை மட்டும் பார்க்கலாம் என்று கிளேர் மாவட்டத்துப் பர்ரனுக்குப் போனாலும் மனிதர்கள் கூடவே வருகிறார்கள். மலை முழுக்க வெறும் சுண்ணாம்புக் கல், சாம்பல் நிறத்தில் வெடித்து வெடித்துக் கிடக்கும். முழங்காலிட்டு ஒரு வெடிப்புக்குள் எட்டிப் பாருங்கள். ஒரு கை அகலம், முழங்கை ஆழம், உள்ளே ஈரம், பளபளக்கும் நீள இலைப் பெரணி, அதன் பக்கத்தில் காட்டு ஜெரேனியம். காற்று படாத அந்த இடுக்குக்குள் ஒரு சின்னக் காடே இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கல்லுக்கு நடுவே ஜென்ஷியன் பூ, அப்படி ஒரு நீலத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்தப் பூக்கள் பிழைத்திருப்பதே மாடுகளால்தான். இங்கே விவசாயிகள் மாடுகளைக் குளிர்காலத்தில் மலைமேல் ஓட்டிவிடுகிறார்கள். கல் கோடை வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், புல் இருக்கும், மாடுகள் அதை மேய்ந்துவிடுவதால் வசந்தத்தில் பூக்களுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. பூல்னப்ரோனில் சுமார் 5,800 ஆண்டுகள் பழமையான கல்திட்டை இருக்கிறது, 1980களில் அகழ்ந்தபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. அங்கிருந்து மோஹர் பக்கம்தான், போய்விட்டே வாருங்கள். உச்சியில் 214 மீட்டர். அங்கே நிற்கும் ஓபிரையன் கோபுரத்தைக் கட்டியவரும் ஒரு நிலக்கிழார்தான், 1835இல், வருகிறவர்கள் ஏறிப் பார்க்கட்டும் என்று.

கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அரசு பராமரிக்கும் கோட்டைகள் இரண்டு மூன்றுக்கு மேல் பார்ப்பதாக இருந்தால் ஹெரிடேஜ் கார்டு வாங்கிவிடுங்கள், ஒரு வருடத்துக்குச் செல்லும். ஆனால் பவர்ஸ்கோர்ட், பிர் போன்ற தனியார் இடங்களுக்கு அது செல்லாது. குளிர்காலத்தில் பல மாளிகைகள் மூடியிருக்கும் அல்லது நேரம் குறைவாக இருக்கும், இணையத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். வண்டி இடது பக்கம்தான், நம்மவர்களுக்கு அதில் பிரச்சினை இல்லை. சாலை ஒடுங்கி நடுவில் புல் முளைத்திருந்தால் மெதுவாகப் போங்கள், எதிரே டிராக்டர் வரும், யாராவது ஒருவர் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டியிருக்கும். கடந்து போகும்போது அவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்கள்.

ராஸ்காமன் வரை போக நேரமில்லாதவர்கள் டப்ளினிலிருந்தே ராயல் கால்வாய்க் கரையில் கொஞ்ச தூரம் நடக்கலாம். அந்த 1,490 பேர் நடந்த வழி இன்று தேசியப் பஞ்சப் பாதை, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் வசதியாகப் போட்டிருக்கிறார்கள். வழி நெடுக ஆங்காங்கே குழந்தைகளின் காலணிகளை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். வரும் கோடையில் மேனூத்திலிருந்து மேற்கே முலிங்கர் வரை, ரயிலில் திரும்ப வசதியாகத் துண்டு துண்டாக நடப்பது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். சேர்ந்துகொள்ள விருப்பம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.